சிறுவிடைப் பெட்டைகள் நடுவே ஒரு பெருவிடைச் சேவல்: முதுகுக் காயம் ஏன் வருகிறது, எப்படி நிறுத்துவது

இங்கே ஆராயப்படுவது எந்த ஒரு வீட்டின் கதையும் அல்ல. தமிழ்நாட்டின் புறக்கடைக் கோழி வளர்ப்பில் ஒரே மாதிரியாகத் திரும்பத் திரும்ப வரும் ஒரு நிலையை மாதிரியாக எடுத்துக்கொள்கிறோம். எண்கள் அந்த நிலைக்குப் பொருந்தும்படி வைத்தவை. உங்கள் வீட்டில் கணக்கு மாறலாம், காரணம் பெரும்பாலும் மாறாது.

எடுத்துக்கொண்ட நிலை

வீட்டுக்குப் பின்னால் 12 அடிக்கு 15 அடி வலையடைப்பு. அதற்குள் ஏழு சிறுவிடைப் பெட்டைகள், அதாவது சிற்றுடல் நாட்டுக்கோழிகள். நான்கு தாய்க்கோழிகள், மூன்று முதல் முட்டைக்கு நிற்கும் வெடைக்கோழிகள். பெட்டை ஒன்றின் எடை 1.2 முதல் 1.4 கிலோ. கூட்டத்தில் ஒரே சேவல். வயது 11 மாதம், பெருவிடை என்னும் பேருடல் நாட்டுக்கோழியின் கலப்பு, எடை 3.4 கிலோ. குஞ்சாக வாங்கி, 5 மாதத்திலிருந்து தனியே காலில் கயிறு போட்டு வளர்த்த சேவல். இரண்டு மாதத்துக்கு முன்புதான் பெட்டைகளோடு அவிழ்த்து விட்டிருக்கிறார்கள்.

இரண்டு மாதத்தில் கண்டது இவ்வளவு: மூன்று பெட்டைகளுக்கு முதுகு மொட்டை. அதில் ஒன்றுக்கு இறக்கைக்குக் கீழே விலாவில் 3 செ.மீ. நீளத்துக்குத் தோல் கிழிந்திருக்கிறது. ஒரு வெடைக்கோழியின் கொண்டையில் உலர்ந்த ரத்தம். இரண்டு கோழிகள் காலையில் கூட்டைவிட்டு இறங்குவதே இல்லை. முட்டை குறைந்துவிட்டது. அடை வைத்ததில் பாதிக்கு மேல் கூமுட்டை.

கடைசி வரியில் பலரும் தடுமாறுகிறார்கள். சேவல் ஓயாமல் மிதிக்கும்போது, அதாவது இணைசேரும்போது, கரு கூடாத கூமுட்டை எப்படி வரும்? வரத்தான் செய்யும். முதுகுத் தோல் புண்ணான பெட்டை, சேவல் நெருங்கினாலே ஓடும், பரணில் ஏறும், முட்டைக் கூடைக்குள் பதுங்கும், பிடிபட்டாலும் வாலை ஒதுக்கிக் கொடுக்காது. மிதிப்பின் எண்ணிக்கை கூடினாலும் கரு கூடுவது குறைகிறது. கறிக்கோழித் தாய்ப்பண்ணைகளில் சேவல் விகிதம் மிகுந்துபோனால் இதே சரிவு வருவதைப் பண்ணைக்காரர்கள் நன்கு அறிவார்கள். ஆகவே “குஞ்சு வேண்டும், அதனால் சேவலை எடுக்க முடியாது” என்று பெட்டைகளைப் பொறுத்துக்கொள்ள விடுவதில் குஞ்சுக் கணக்கிலும் லாபம் இல்லை.

முதல் நாள்: ஆராய்ச்சிக்கு முன் பிரிப்பு

ரத்தம் தெரிந்த அன்றே சேவலைப் பிரிக்க வேண்டும். காரணத்தைப் பிறகு தேடலாம். ரத்தச் சிவப்பைக் கண்டால் மற்றப் பெட்டைகளும் கொத்தத் தொடங்கும். அது பழக்கமாகிவிட்டால் சேவல் போன பிறகும் நிற்காது. வெயில் காலத்திலும் மழை ஈரத்திலும் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும்.

சேவலைப் பகலில் துரத்திப் பிடிக்கக் கூடாது. இருட்டிய பின் கம்பில் அடைந்திருக்கும்போது இரண்டு இறக்கையையும் உடலோடு சேர்த்து அணைத்துத் தூக்கினால் போராடாது. பஞ்சாரம் ஓர் இரவுக்குத்தான் சரி. 3.4 கிலோச் சேவல் அதற்குள் நிமிர்ந்து நிற்கவோ இறக்கை அடிக்கவோ முடியாது. மறுநாளே குறைந்தது 4 அடிக்கு 4 அடி தரையும் 4 அடி உயரமும் உள்ள தனி அடைப்பு வேண்டும். நிழல், தண்ணீர், தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் தடித்த கம்பு, இவ்வளவு போதும். வலையைத் தாண்டிப் பெட்டைகள் கண்ணில் படட்டும். முற்றிலும் மறைத்துவிட்டால் திரும்பச் சேர்க்கும்போது புதுச்சேவல் வந்ததுபோல் முதலிலிருந்து தொடங்கும்.

காயம்பட்ட பெட்டையையும் தனியே எடுங்கள். அதைச் சேவலின் அடைப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

காயத்தைப் பார்ப்பது

முதுகு மொட்டை கண்ணில் படும், விலாக் கிழிசல் படாது. இறக்கை மூடியிருப்பதால் பல நாள் கழித்து நாற்றம் வந்த பிறகே தெரியவரும். பெட்டையை மடியில் வைத்து இரண்டு இறக்கையையும் விரித்து, அக்குளிலிருந்து தொடை வரை இறகை எதிர்த்திசையில் ஊதிப் பாருங்கள். சேவல் ஏறி நிற்கும்போது கால் வழுக்கினால் நகம் கீறும் இடம் அதுதான்.

அரை லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு சிறுகரண்டி உப்பு கரைத்துக் காயத்தைக் கழுவ வேண்டும். சுற்றியுள்ள இறகைப் பிடுங்காமல் கத்தரியால் நறுக்குங்கள். பொவிடோன் அயோடினை இளம் தேநீர் நிறம் வரும்வரை தண்ணீர் விட்டு ஒற்றி எடுக்கலாம். மேலோட்டமான சிராய்ப்புக்கு மஞ்சள்தூளை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவினால் ஈயும் அண்டாது. ஆழமான கிழிசலுக்குள் மஞ்சளை அடைக்கக் கூடாது. அது உள்ளே கட்டியாகி, பிறகு கழுவ வராது. வலியை மரக்க வைக்கும் மனிதக் களிம்புகளையும் தவிர்க்க வேண்டும். அவற்றில் சில வகை பறவைகளுக்கு ஆபத்து.

தோல் பிரிந்து உள்ளே தசை தெரிந்தாலும், கிழிசல் 2 செ.மீ.க்கு மேல் வாய் பிளந்திருந்தாலும் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோய்த் தையல் போடுவதே முறை. கோழித்தோல் மெல்லியது, ஆனால் நன்றாகக் கூடும். முதல் நாளே போனால் தையல் நிற்கும், மூன்றாம் நாள் போனால் அழுகிய விளிம்பை வெட்ட வேண்டிவரும். ஊசி மருந்து கொடுத்தால் எத்தனை நாள் முட்டையைச் சாப்பிடக் கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உண்மையில் சேவல்தானா

முதுகு மொட்டை என்றதும் பழி சேவல்மேல் விழும். எப்போதும் அது சரியல்ல. இறகு எங்கே போயிருக்கிறது என்பதே சாட்சி.

சேவல் மிதிப்பில் மூன்று இடம் கெடும்: அலகால் கவ்வும் பிடரி, பாதம் அழுந்தும் இரண்டு தோளும் நடுமுதுகும், நகம் இழுபடும் விலா. இறகு பெரும்பாலும் ஒடிந்து, குச்சி மட்டும் தோலில் நிற்கும். வாலடியில் மட்டும் மொட்டை, இறகு வேரோடு போயிருக்கிறது என்றால் அது பெட்டைகள் ஒன்றையொன்று கொத்துவது. எச்சமும் முட்டையும் வெளிவரும் புழைவாயைச் சுற்றி மொட்டையாகி, இறகின் அடியில் வெள்ளை முட்டைக் கொத்து ஒட்டியிருந்தால் கோழிப்பேன். மார்பும் அடிவயிறும் மட்டும் வெறுமையானால் அடைக்கோழி தானே பிடுங்கியது, அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. தலை, கழுத்தில் தொடங்கிப் பின்னோக்கிப் பரவி, கூடவே புது முளையிறகும் தெரிந்தால் வழக்கமான இறகு உதிர்ப்பு.

நம் மாதிரிக் கூட்டத்தில் பிடரியும் தோளும் விலாவும் கெட்டிருக்கின்றன, ஒடிந்த குச்சிகள் நிற்கின்றன. ஐயமில்லை, சேவல்தான். ஐயம் இருந்தால் சேவலைப் பிரித்து 10 நாள் கழித்துப் பாருங்கள். அப்போதும் புதுச் சேதம் வந்துகொண்டிருந்தால் காரணம் வேறு.

எந்த வகை முரடு

சேவல் மிதிப்பது பார்க்க மென்மையாக இருக்காது. பிடரியைக் கவ்வுவதும் முதுகில் நிற்பதும் இயல்பு. சில நொடிகளில் முடியும். பெட்டை எழுந்து உடலை ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்துவிட்டு மேயப் போய்விடும். பழகிய சேவல் அதற்கு முன் ஒரு பக்க இறக்கையைத் தரையில் உரசிக்கொண்டு அரைவட்டமிடும், இரையைக் கண்டால் தான் தின்னாமல் கொக்கொக்கென்று கூப்பிடும். பெட்டை பதுங்கிக் கொடுத்தால் ஏறும், விலகினால் விட்டுவிடும்.

இதில் எது தவறுகிறது என்று பார்க்கவேண்டும். பெட்டைகளின் காலில் வெவ்வேறு நிற வளையம் மாட்டி, காலையில் திறந்துவிடும்போது, நண்பகலில், மாலை 4 மணிக்கு மேல் என மூன்று முறை அரை மணி நேரம் உட்கார்ந்து குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் பெட்டையை எத்தனை முறை, முன்னால் ஆட்டம் போட்டதா, பெட்டை பதுங்கியதா ஓடியதா, மூலையில் மடக்கியதா என்பதே குறிப்பு. ஒரு நாள் போதாது, இரண்டு நாள் தேவை. காயம்பட்டவற்றை வெளியே எடுத்துவிட்டு, ஆரோக்கியமானவற்றோடு மட்டும், கையில் கூடையுடன் பக்கத்திலேயே இருந்து பார்க்க வேண்டும்.

குறிப்பு பெரும்பாலும் நான்கில் ஒன்றைக் காட்டும்.

ஒன்று, இளமை. 5 முதல் 12 மாதம் வரை விடலைச் சேவலுக்கு வேகம் உண்டு, பக்குவம் இல்லை. ஆட்டமே போடாமல் துரத்தும். பலதும் ஒன்றரை வயதுக்குள் தணிந்துவிடும்.

இரண்டு, எண்ணிக்கைக் குறைவு. ஒரு சேவலுக்கு 8 முதல் 10 பெட்டை என்பது நடைமுறைக் கணக்கு. நம் கூட்டத்தில் ஏழு. அதிலும் வெடைக்கோழிகள் மூன்றும் இன்னும் முட்டைக்கு வராதவை. பதுங்கிக் கொடுக்கும் பெட்டை நான்குதான், அந்த நான்கில் சேவலுக்குப் பிடித்தது இரண்டு. மிதிப்பு பெரும்பாலும் அந்த இரண்டின் முதுகில் விழுகிறது.

மூன்று, எடை. நம் நிலையில் மற்ற எதையும்விட இதுவே பெரிய காரணம். 1.3 கிலோப் பெட்டைமேல் 3.4 கிலோச் சேவல் ஏறுகிறது, இரண்டரை மடங்கு பாரம். பெட்டை அந்தப் பாரத்தில் நிலைகுலையும், சேவல் வழுக்கும், வழுக்காமலிருக்க நகத்தை ஊன்றும். சேவல் எவ்வளவு சாதுவாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. சிறுவிடைப் பெட்டைக்கு ஏற்றது 2 கிலோவை ஒட்டிய சிறுவிடைச் சேவல்தான். குஞ்சுக்கு எடை கூட வேண்டும் என்று பெருவிடைச் சேவலைச் சிறுவிடையோடு விடும் பழக்கம் ஊரெங்கும் இருக்கிறது. அதன் விலையைப் பெட்டைகளின் முதுகு கொடுக்கிறது.

நான்கு, தாக்குதல். ஏறாமலே தலையில் கொத்துவது, தீனியண்டை வரும் பெட்டையைக் காலால் உதைப்பது, இறங்கிய பிறகும் கொத்திக்கொண்டே துரத்துவது. இது இணைசேரும் வேகம் அல்ல, வேறு குணம். இது தெரிந்தால் இனி வரும் திருத்தங்கள் எதுவும் பயன்படாது. அந்தச் சேவல் பெட்டைகளோடு திரும்பக் கூடாது.

சண்டைக்கு வளர்க்கும் கட்டுச்சேவல் வம்சம் என்றாலே பெட்டையை அடிக்கும் என்ற நம்பிக்கையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். சேவலோடு சேவல் மோதும் குணமும் பெட்டையிடம் முரட்டுத்தனமும் ஒன்றல்ல. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வுகள் கறிக்கோழித் தாய்ப்பண்ணைச் சேவல்களிடம்தான் பெட்டைகளைத் தாக்கும் போக்கு மிகுந்திருப்பதைக் காட்டின. சண்டைக்குப் பேர்போன இனம் அந்தப் பழியில் முன்னால் நிற்கவில்லை. நம் சேவலின் சிக்கல் ரத்தத்தில் இருப்பதைவிடக் கயிற்றில் இருக்கலாம். 5 மாதத்திலிருந்து தனியே கட்டிக்கிடந்த சேவலைத் தாய்க்கோழியோ மூத்த சேவலோ கொத்தி அடக்கியதில்லை. பெட்டையிடம் எப்படி நெருங்குவது என்று பழகும் வயது கயிற்றிலேயே கழிந்துவிட்டது.

நிரந்தரப் பாதுகாப்பு: சேவல் எந்நேரமும் உடனிருக்கத் தேவையில்லை

இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. முட்டையிடச் சேவல் தேவையே இல்லை. குஞ்சுக்குத் தேவை, ஆனால் நாள்தோறும் தேவை இல்லை. பெட்டையின் கருக்குழாயின் அடிப்பகுதியில் விந்தைச் சேமித்துவைக்கும் நுண்ணிய பைகள் உண்டு. ஒருமுறை சரியாக மிதித்தால் இரண்டாம் நாளிலிருந்து கருமுட்டை வரத் தொடங்கும். ஏறக்குறைய 10 நாள் வரை அதை நம்பலாம், சில பெட்டைகளுக்கு மூன்று வாரம் வரை கூட நீளும்.

சிறுவிடைக்கோழி ஒரு சுற்றுக்கு 12 முதல் 15 முட்டை வைத்துவிட்டு அடைக்கு உட்காரும். ஆக ஒரு சுற்றுக்குச் சேவல் வேண்டியது இரண்டு, மூன்று வாரம், அதிலும் வாரத்துக்கு இரண்டு முறை. மற்ற நாளெல்லாம் வலைக்கு அப்பால் இருக்கலாம். காவல் காப்பதும் பருந்தைக் கண்டு குரல் கொடுப்பதும் வலைக்கு அப்பாலிருந்தே நடக்கும்.

விடும் முறைக்கு ஒரு நேர்த்தி உண்டு. அடைபட்டிருந்த சேவலைத் திறந்ததும் முதல் கால் மணி நேரம்தான் கொந்தளிப்பு. அதைத் தணிக்க, திறப்பதற்கு முன் கம்பு அல்லது சோளத்தை இரண்டு கைப்பிடி அடைப்பெங்கும் தூவிவிடுங்கள். பெட்டைகள் பரவி நிற்கும், சேவலின் கவனமும் இரைக்குப் போகும். இரையைக் காட்டிக் கூப்பிடும் குணம் கொஞ்சமாவது இருந்தால் அப்போது வெளிப்படும். கருவுக்காக விடுவதானால் மாலை 4 மணிக்கு மேல் விடுங்கள். பெட்டைகள் அன்றைய முட்டையை இட்டு முடித்திருக்கும். வயிற்றில் ஓடு கட்டிய முட்டை இருக்கும்போது மிதித்தால் கரு கூடுவது குறைவு. பண்ணைகளில் செயற்கைக் கருவூட்டலை 3 மணிக்கு மேல் வைத்துக்கொள்வதும் இதனால்தான். அரை மணி நேரம் கழித்து, இருட்டும் முன் சேவலைத் தீனி காட்டி அதன் அடைப்புக்குக் கூப்பிட்டுவிட வேண்டும். முதல் ஒரு வாரம் வெறும் கூப்பிடுதலைப் பழக்குங்கள். ஒரே பாத்திரம், ஒரே சத்தம், ஒரே தீனி. பழகாத சேவலைத் துரத்திப் பிடித்தால் பெட்டைகளும் கலங்கும், அடுத்த முறை சேவலும் சிக்காது.

முதுகில் புது இறகு முளைக்காத பெட்டையை இந்த அரை மணி நேரத்துக்கும் உள்ளே விடக்கூடாது. கருமுட்டை மற்றவற்றிடமிருந்து கிடைக்கும், அதை அந்தப் பெட்டைக்கே அடை வைத்துக்கொள்ளலாம்.

அடை வைத்த 7ஆம் நாள் இருட்டில் கைவிளக்கொளியில் முட்டையைப் பாருங்கள். ரத்த நரம்பு சிலந்திவலைபோல் தெரிந்தால் கரு. தெளிவாக இருந்தால் எடுத்துவிடுங்கள். வாரம் இரண்டு முறை போதுமா என்பதற்கு விடை அங்கேதான் கிடைக்கும்.

முதுகுச் சட்டை

மொட்டை முதுகுக்குத் துணிச்சட்டை போடுவது எளிய வழியாகத் தெரிகிறது. நமது தட்பவெப்பத்தில் அதைக் கடைசி வரிசையில் வைக்கலாம். கோழிக்கு வியர்க்காது, வாய் திறந்து இளைத்தும் இறக்கையை விரித்தும்தான் சூட்டை வெளியேற்றும். சித்திரை வெயிலில் முதுகைத் தடித்த துணியால் மூடினால் அந்த வழி பாதி அடைபடும். மழையில் நனைந்தால் காயாமல் தோல் ஊறும். அடியில் பேன் குடியேறும். திறந்த புண்ணின்மேல் சட்டை போடவே கூடாது. சேவலைப் பிரிக்க வழியே இல்லாத வீட்டில், புண் ஆறித் தோல் மட்டும் வெறுமையாக உள்ள பெட்டைக்குச் சில வாரம் உதவும்.

தைப்பதானால் பழைய ஜீன்ஸ் துணி போதும், அல்லது கனமான பருத்தி இரண்டு மடிப்பு. கழுத்தடியிலிருந்து வாலடியின் எண்ணெய்ச் சுரப்பிக்கு ஒரு விரல் முன்வரை நீளம் அளக்க வேண்டும். 1.3 கிலோப் பெட்டைக்கு 15 முதல் 17 செ.மீ. வரும். அகலம் முதுகின் நடுவில் 14 முதல் 16 செ.மீ., கழுத்துப் பக்கம் 6 செ.மீ.யாகக் குறுகட்டும். தையல் விளிம்பு வெளிப்புறம் இருக்கவேண்டும், உட்புறம் இருந்தால் தோலை அறுக்கும். இரண்டு செ.மீ. அகல எலாஸ்டிக்கில் இரண்டு வளையம்: ஒரு முனை கழுத்து மூலையில், மறு முனை அதே பக்க விளிம்பின் நடுவில். இறக்கை அந்த வளையத்துக்குள் நுழையும். நீளம் 12 செ.மீ.யில் தொடங்கி, மாட்டிய பின் அக்குளில் இரண்டு விரல் தாராளமாகப் போகும்படி சரிசெய்யுங்கள். வால் பக்கம் கட்டக் கூடாது, எண்ணெய்ச் சுரப்பியை அலகு தொட வேண்டும்.

மாலையில் மாட்டுங்கள். பெட்டை பின்னோக்கி நடக்கும், படுத்துக்கொள்ளும், இருட்டியதும் அடங்கிவிடும். மறுநாள் அக்குளில் சிவப்புத் தெரிகிறதா என்று பார்த்து, பிறகு நாள்தோறும் ஒருமுறை விரல் விட்டுச் சோதித்து, மூன்று நாளுக்கு ஒருமுறை துவைத்த மாற்றுச் சட்டை போடவேண்டும். சிவப்பு, ஆரஞ்சு நிறத் துணி வேண்டாம், மற்றக் கோழிகள் கொத்தும். புது இறகு குருத்தாக வரும்போது சட்டையின் உராய்வில் அது முறுக்கிக்கொள்ளும். குருத்து தெரிந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு, சேவலிடமிருந்து முழுக்கப் பிரித்துவையுங்கள்.

முள், நகம், அலகு

“முள்ளை வெட்டிவிட்டால் சரியாகிவிடும்” என்பதுதான் அதிகம் கேட்கும் யோசனை. நம் சேவலுக்கு 11 மாதம். அந்த வயதில் கால்முள் பெரும்பாலும் குட்டையாகத்தான் இருக்கும். விலாவைக் கிழித்தது முள் அல்ல, நகம். வெட்டிவிட்டுப் பலன் இல்லாமல் திகைப்பவர்கள் பலர்.

நகத்தைத்தான் முதலில் கவனிக்கவேண்டும். இரவில் பிடித்துத் துணியில் சுற்றி, ஒவ்வொரு விரல் நகத்தின் கூர்முனையை 2 மி.மீ. மட்டும் நறுக்கி, அரத்தால் உருட்டிவிடுங்கள். வெளிர்நிற நகமாக இருந்தால் உள்ளே ரத்தக்குழாய் தெரியும். கருநகத்தில் தெரியாது, அதில் அரம் மட்டும் போதும். ரத்தம் வந்தால் படிகாரத்தூள் வைத்து ஒரு நிமிடம் அழுத்துங்கள். மேலலகு கீழலகைத் தாண்டி வளைந்திருந்தால் அதன் நுனியையும் அரத்தால் மழுக்கலாம். மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டும். சிமெண்டுத் தரையில் திரியும் சேவலுக்கு நகம் தானே தேயும், மெத்தென்ற மண்ணில் தேயாது.

வயதான சேவலுக்கு முள் 3, 4 செ.மீ. வளர்ந்திருந்தால் அதன் நடுவே எலும்பு இருக்கும், மேலே கொம்பு போன்ற உறை. காலிலிருந்து 2 செ.மீ. விட்டு, அதற்கு மேற்பட்ட நுனியை மட்டும் நுண்பல் ரம்பத்தால் எடுத்து மழுக்கினால் போதும். வெந்த உருளைக்கிழங்கைச் சூடாக முள்ளில் செருகி உறையைத் திருகி எடுக்கும் முறை ஒன்று புழக்கத்தில் உண்டு. அதைச் செய்யாதீர்கள். கால்தோல் வெந்துபோகும், உள்ளிருக்கும் இளம் எலும்பு திறந்து நிற்கும், சேவல் பல நாள் நொண்டும்.

இடத்தைத் திருத்துவது

180 சதுர அடிக்கு எட்டுக் கோழி என்பது போதாத இடமல்ல. ஆனால் வெறும் சதுரம் என்றால் நான்கு மூலையும் பொறிதான். ஓடும் பெட்டை மூலையில் முடங்கும், சேவல் மடக்கும். மூலைகளுக்குக் குறுக்கே பலகை சாய்த்து, அதன் இரு பக்கமும் திறந்து வையுங்கள். நடுவில் இரண்டு இடத்தில் ஓலைத்தட்டியோ பழைய சாக்குத்திரையோ கட்டினால் பார்வை அறுபடும். கண்ணுக்குத் தெரியாத பெட்டையைச் சேவல் துரத்துவதில்லை. சிறுவிடை நன்றாகப் பறக்கும், பெருவிடைச் சேவலுக்கு உடல் பாரம். 4 அடி உயரத்தில் ஒற்றைக் கம்பு ஒன்று கட்டினால் பெட்டைகளுக்கு அது மேல்மாடி. ஏணி மட்டும் வைக்கக் கூடாது.

பெட்டை மட்டும் நுழையும் அறை ஒன்றும் அமைக்கலாம். செங்குத்துச் சட்டங்களை 13 செ.மீ. இடைவெளியில் தொடங்கி, உங்கள் பெட்டை தாராளமாக நுழைந்து சேவலின் மார்பு தட்டும் அளவுக்குக் கூட்டிக் குறையுங்கள். வாசல் இரண்டு வேண்டும். ஒரே வாசலானால் சேவல் அங்கேயே நின்றுகொள்ளும். தண்ணீரும் தீனியும் உள்ளேயும் ஒரு பங்கு இருக்கட்டும். இதைக் கட்டியும் கெட்டுப்போகும் வழி ஒன்று உண்டு: முட்டைக் கூடையையே ஒளியும் இடமாக்கிவிட்டால் பெட்டைகள் அங்கேயே எச்சமிட்டு முட்டையை அழுக்காக்கும். ஒளியிடம் வேறு, கூடை வேறு.

இறகு திரும்ப வருவது

வேரோடு போன இறகு ஆறு முதல் எட்டு வாரத்தில் முளைத்து நிரம்பும். ஒடிந்து குச்சி நிற்கும் இறகு அப்படி வராது. அடுத்த இறகு உதிர்ப்பில் குச்சி தானே விழுந்தால்தான் புது இறகு. அவசரப்பட்டுக் குச்சியைப் பிடுங்காதீர்கள், அது வலியும் ரத்தமும் தரும். சேவலைப் பிரித்து இரண்டு மாதமாகியும் முதுகு அப்படியே இருக்கிறதே என்று நினைப்பவர்கள் பார்ப்பது பெரும்பாலும் இந்தக் குச்சிகளைத்தான்.

இறகு பெரும்பகுதி புரதம், அதிலும் கந்தகம் கொண்ட அமினோ அமிலங்கள் மிகுதி. கடலைப் புண்ணாக்கில் புரதம் உண்டு, அந்த அமினோ அமிலங்களில் ஒன்றான மெத்தியோனின் குறைவு. எள்ளுப் புண்ணாக்கில் அது நன்றாக இருக்கிறது. ஒரு பெட்டைக்கு நாளுக்கு 80 கிராம் தீனி என்றால் அதில் 10 கிராம் எள்ளுப் புண்ணாக்கைச் சேர்த்து, வாரத்தில் மூன்று நாள் கறையானோ, உப்பு போகக் கழுவி ஊறவைத்த கருவாட்டுத் தலையோ கொடுங்கள். புண்ணாக்கில் பூசணம் பிடித்திருந்தால் ஒரு துண்டு கூட வேண்டாம், அந்த நஞ்சு ஈரலைக் கெடுக்கும். நீரில் மிதந்து வளரும் அசோலா நல்லது, ஆனால் பச்சையாகக் கொடுக்கும்போது அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். அதை மட்டும் நம்பி இறகு வராது.

வெறும் தோலில் நேர்வெயில் பட்டால் சிவந்து வெந்துபோகும். நிழல் கட்டாயம்.

திரும்பச் சேர்ப்பதா, அனுப்பிவிடுவதா

பெட்டைகள் ஆறும்வரை சேவல் தனியே இருந்த பின், நகம் மழுக்கி, இடம் திருத்தி, அரை மணி நேர முறையில் நான்கு வாரம் பாருங்கள். புதுக் காயம் இல்லை, துரத்தல் குறைகிறது என்றால் அதே முறையில் தொடரலாம். நாள் முழுதும் உடன்விடும் நிலைக்கு இந்தச் சேவலும் இந்தப் பெட்டைகளும் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம், எடைக்கணக்கு இடம் தராது. 2.5 கிலோவுக்கு மேற்பட்ட, அனுபவமுள்ள பெருவிடைப் பெட்டைகள் மூன்று நான்கு வாங்கி அவற்றோடு விடுவது நல்ல மாற்று. வாங்கியதை மூன்று வாரம் தனியே வைத்து, வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போட்ட பிறகே சேர்க்கவேண்டும். ஒரே ஒரு பெரிய பெட்டையைத் துணைக்கு விடாதீர்கள், எல்லா மிதிப்பும் அதன் முதுகில் இறங்கும். இரண்டாவது சேவலைக் கொண்டுவந்தால் முதலாவது அடங்கும் என்பதும் தவறு. ஏழு பெட்டைக்கு இரண்டு சேவல் என்றால் ஒன்று மிதிக்கும்போதே மற்றொன்று மேலே பாயும்.

சேவலைத் தரையில் அழுத்திப் பிடித்துப் பணியவைப்பது, தலைகீழாகத் தொங்கவிடுவது போன்றவற்றால் மனிதர்மேல் பயம் வரும், பெட்டையிடம் நடத்தை மாறாது.

நேர்ந்துவிட்ட சேவலாக இருந்தால் விற்கவோ அறுக்கவோ வழியில்லை, கோயில் கொடை வரை வைத்திருக்கத்தான் வேண்டும். அதற்குத்தான் தனி அடைப்பை முதலிலேயே நிரந்தரமாகக் கட்டச் சொல்வது. தலையில் தாக்கும் வகைச் சேவலுக்கும் அதே அடைப்பு, அதுவும் முடியாவிட்டால் கறிக்கு. அதன் வித்தில் கரு கூடிய முட்டையை அடை வைத்து மகன்களை அடுத்த சேவலாக நிறுத்தாதீர்கள், குணம் தொடரும்.

புதிதாக 2 கிலோச் சிறுவிடைச் சேவலை விடுவதென்று முடிவானால் முதல் நாளிலிருந்து வரும் முட்டையைப் புதுச்சேவலின் வித்து என்று எண்ணிவிடக் கூடாது. பழைய சேவலின் விந்து மூன்று வாரம் வரை பெட்டையின் உடலில் நிற்கும். பழையதை முழுதாக எடுத்த நாளைக் காலண்டரில் குறித்து, 4 வாரத்து முட்டையைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, அதன் பிறகு இடும் முட்டையை அடைக்குச் சேர்க்கத் தொடங்குங்கள்.